கேஸ் ஷீட்ல நான் தப்பா எழுதின கஜல்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. இன்னைக்கு மருந்து, மாத்திரை, சுகர், பிபி எதுவும் இல்ல. வரலாறு. ஆனா ஆரம்பிக்கிறது என்னவோ வார்டுலதான்.

சில மாசம் முன்னாடி ஒரு நைட் டூட்டி. ஆம்பூர் பக்கத்துல இருந்து எழுபதைத் தாண்டின ஒரு பெரியவரைக் கொண்டு வந்தாங்க. மூணு நாளா வாந்தி. பிபிக்கு நீர் பிரியுற மாத்திரையும் விடாம போட்டிருக்காரு. சோடியம் 114. ஆள் யாருன்னு தெரியல, நாள் தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ முணுமுணுக்க ஆரம்பிச்சாரு. நானும் வழக்கம்போல கேஸ் ஷீட்ல 'இர்ரெலவெண்ட் டாக்'னு எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டுட்டேன்.

சோடியத்தை மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா மூளைக்கு ஆபத்து. மறுநாள் 121. ஆளுக்குத் தெளிவு வந்துடுச்சு, பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. முணுமுணுப்பு மட்டும் நிக்கல. அதே ஏத்தம், அதே இறக்கம், ஒவ்வொரு ரெண்டாவது வரியும் ஒரே சொல்லுல போய் முடியுது. காலேஜ் படிக்குற பேத்தி கொஞ்சம் தயங்கித்தான் சொல்லுச்சு: "சார், தாதா உளறல. அது கஜல். அவரே எழுதினது."

(அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்.)

மூணாம் நாள் பெரியவரே பேசினாரு. நாப்பது வருஷம் தோல் ஷாப்புல வேலை. கையில பழைய குரோம் புண்ணோட தழும்பு. டிரம் சத்தத்துல காது பாதி போச்சு. இளவயசுல ஊர் முஷாயராவுல கவிதை படிக்க எழுந்தப்போ, முன்வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர், தோல் உரிக்கிற கைக்கு ஷேர் எதுக்குன்னு சிரிச்சாராம். (ஷேர்னா பங்குச் சந்தை இல்லைங்க. ஈரடிக் கவிதை.) அன்னைக்கு உட்கார்ந்தவர் மறுபடி மேடை ஏறல. நோட்டுப் புத்தகத்துல மட்டும் எழுதிட்டே இருந்திருக்காரு. "அவங்க சிரிச்சதும் நியாயம்தான் டாக்டர் சாப், ஷாயரின்னா பாதுஷா வீட்டு விஷயம்"னாரு.

அது எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. கஜல் நிஜமாவே பாதுஷா வீட்டு விஷயம்தானா? அங்க இங்க படிக்க ஆரம்பிச்சேன். கடைசியில போய் நின்ன இடம் துருக்கி.

நமக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. தமிழ்ல முஸ்லிம்களுக்கே ஒரு காலத்துல பேர் 'துருக்கர்'தான். அதுதான் பேச்சுவழக்குல 'துலுக்கர்' ஆச்சு. நம்ம தாத்தா காலத்து பாய்மார் போட்ட சிவப்புக் குல்லாவுக்குப் பேர் துருக்கித் தொப்பி. துருக்கியில அந்தத் தொப்பியை 1925ல சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் ரொம்ப காலம் தலையில இருந்துச்சு.

சரி, கவிதைக்கு வருவோம். உஸ்மானியப் பேரரசுல ஏறக்குறைய அறுநூறு வருஷம் எழுதப்பட்ட கவிதைக்கு 'திவான்' கவிதைன்னு பேர். திவான்னா ஒரு கவிஞரோட முழுத் தொகுப்பு. கஜல், கசீதா, மஸ்னவி எல்லாமே பாரசீகத்துல இருந்து எடுத்த வடிவங்கள். மொழியும் துருக்கி இலக்கணத்துக்குள்ள அரபியும் பாரசீகமும் நிரப்பினது. நம்ம மணிப்பிரவாளம் மாதிரின்னு வைச்சுக்கோங்க. அங்கேயும் 16ஆம் நூற்றாண்டுலயே 'எளிய துருக்கியில எழுதுவோம்'னு எதிர்க்குரல் வந்திருக்கு. நம்ம தனித்தமிழ் நண்பர்கள் சந்தோஷப்படலாம்.

இதுல ஒரு பெரிய சிக்கல். இந்த யாப்பு முழுக்கக் குறில் நெடில் கணக்குல ஓடுது. துருக்கி மொழிக்கோ சொந்தமா நெடிலே கிடையாது. அதனால ஆரம்பக் காலக் கவிஞர்கள் குறிலையெல்லாம் இழுத்து இழுத்துப் பாடி யாப்புக்குள்ள திணிச்சிருக்காங்க. இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

இப்போ அந்தப் பாதுஷா வீட்டு விஷயம். ராஜாக்கள் எழுதினது நிஜம். சுலைமான் சுல்தானே 'முஹிப்பி'ங்கிற புனைபெயர்ல ஏராளமான கஜல் எழுதியிருக்காரு. அரசாட்சியை விட உடம்பு நல்லா இருக்குறதுதான் பெருசுன்னு அவர் எழுதின ஒரு ஈரடி துருக்கியில இன்னைக்கும் எல்லாருக்கும் தெரியும். (எங்க ஓபி வாசல்ல எழுதி வைக்கலாம்.)

ஆனா அதே காலத்துல இஸ்தான்புல்ல கவிதை எழுதுற இளைஞர்கள் தேடிப் போய் உட்கார்ந்த இடம் அரண்மனை இல்ல. பாயஜித் மசூதிப் பக்கத்துல குறி சொல்ற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பேர் ஸாதி. 1471ல பாலிகெசிர்ங்கிற ஊர்ல பொறந்தவர். அப்பா பூட்ஸ் தைக்கிறவர், இவரும் அதே தொழில்ல ஆரம்பிச்சவர். முறையான படிப்பு கிடையாது. காது சரியா கேக்காது.

இந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வைச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தோல் தொழில், காது கேக்காது, கவிதை. எங்க பெட்டுல படுத்திருந்தவரும் அதேதானே.

ஸாதி ஆயிரத்துக்கும் மேல கஜல் எழுதியிருக்காரு. காசு வாங்கிட்டு அடுத்தவங்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்காரு. வறுமை, வேற என்ன பண்ணுவாரு? 1546ல இறந்தாரு. அவர் கடைக்கு ஒருநாள் ஒரு சின்னப் பையன் கவிதை கொண்டு வந்து காட்டினானாம். இவ்ளோ நல்லா இருக்கே, எங்க திருடினேன்னு ஸாதி சந்தேகப்பட்டதா ஒரு கதை சொல்வாங்க. அந்தப் பையன்தான் பாக்கி (1526-1600). பின்னாடி 'கவிஞர்களின் சுல்தான்'னு பட்டம் வாங்கினவர். சுலைமான் 1566ல இறந்தப்போ இவர் எழுதின இரங்கல் பாட்டுதான் அந்த மொழியிலேயே உச்சம்னு சொல்வாங்க. பேரரசோட பெரிய நீதிபதி பதவி வரைக்கும் போனவர்.

இந்தப் பாக்கி யாரு? மசூதியில பாங்கு சொல்றவரோட மகன். மதரசாவுக்குப் போறதுக்கு முன்னாடி குதிரைச் சேணம் தைக்கிற கடையில எடுபிடி. சேணம்னா தோல்தான்.

ஆக உஸ்மானியக் கவிதையோட பொற்காலத்துல ஆசான் பூட்ஸ் தைச்சவர், அவர் அடையாளம் கண்ட பையன் சேணம் தைச்சவன். அந்த முன்வரிசைப் பெரிய மனுஷருக்கு இது தெரியாது. நம்ம பெரியவருக்கும் தெரியாது.

ஃபுஸூலியைப் பத்திச் சொல்லாம என்னால தாண்ட முடியாது. என்னை மாதிரி கவர்ன்மென்ட் சம்பளக்காரங்களுக்கு அவர்தான் குலதெய்வம். ஈராக்ல வாழ்ந்தவர், துருக்கி, பாரசீகம், அரபி மூணுலயும் எழுதினவர். லைலா மஜ்னு கதையைத் துருக்கியில எழுதினவங்கள்ல இவருதான் உச்சம். (நம்ம ஊர்லயும் 1950ல 'லைலா மஜ்னு' சினிமாவா வந்தாச்சு.) 1534ல சுலைமான் பாக்தாதைப் பிடிச்சப்போ புகழ்ந்து கவிதை பாடினாரு. ஒரு நாளைக்கு 9 அக்சே உதவித்தொகைன்னு உத்தரவாச்சு. உத்தரவு கைக்கு வந்துச்சு, பணம் வரல. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுட்டு, கடைசியில ஒரு பெரிய அதிகாரிக்குப் புகார்க் கடிதம் எழுதினாரு. லஞ்சம் கேக்குற ஆபீஸைக் கிண்டல் பண்ணின அந்தக் கடிதம் இன்னைக்குத் துருக்கி உரைநடையில ஒரு கிளாசிக். அரியர் வராத சோகம் இலக்கியமானது உலகத்துலயே அங்க மட்டும்தான் இருக்கும்னு நினைக்குறேன்.

இன்னொன்னு. இதே ஃபுஸூலி 'ஆரோக்கியமும் நோயும்'னு பாரசீகத்துல ஒரு உருவகக் கதை எழுதியிருக்காரு. உடம்புதான் நாடு, ரத்தமும் பித்தமும் கபமும் அதுல பாத்திரங்கள். பொதுவாவே கஜல்ல டாக்டருக்கு ஒரு நிரந்தர வேஷம் உண்டு, அது தோத்துப்போற வேஷம். காதலனோட நோய்க்கு மருந்து தெரியாம முழிக்கிற தபீப். தர்த், தவா, ஷிஃபா, தபீப் இதெல்லாம் இஸ்தான்புல் கஜல்லயும் இருக்கு, எங்க வார்டுல ஆம்பூர் பாட்டிகள் வாயிலயும் இருக்கு. "தர்த் ஹை பேட்டா"ன்னு அவங்க சொல்ற 'தர்த்'தான் துருக்கியில 'டெர்த்'. தினம் கேக்குற சொல்லு. நானா இவ்வளவு நாளும் யோசிக்கல.

இப்போ முக்கியமான கேள்வி. இது துருக்கியில இருந்து நேரா ஆம்பூருக்கு வந்ததா? இல்ல. நேர்மையாச் சொல்லணும்னா ரெண்டும் பாரசீகத்தோட பிள்ளைங்க, அக்கா தங்கச்சி மாதிரி. ஆனா வீட்டுக்குள்ள துருக்கி ரத்தம் கொஞ்சம் கலந்திருக்கு.

நம்ம பக்கம் பேசுற உருதுவுக்குச் சரியான பேர் தக்னி. இந்தத் தக்னியில முதன்முதலா ஒரு முழு திவான் விட்டுட்டுப் போனவர்னு சொல்லப்படுறவர் கோல்கொண்டா ராஜா முகமது குலி குதுப் ஷா. 1591ல ஹைதராபாத்தைக் கட்டினாரே, அவரேதான். அவரோட வம்சம் கரா கொயுன்லு, அதாவது 'கருப்பு ஆடு'ங்கிற துருக்மான் குடி. அந்தக் குடியோட பழைய ராஜா ஜஹான் ஷா 15ஆம் நூற்றாண்டுல 'ஹகீகி'ங்கிற பேர்ல துருக்கியிலயே கஜல் எழுதினவர். அந்தக் குடியோட இந்தியக் கிளை நம்ம ஊர் மொழியில கஜல் எழுதுச்சு. அப்புறம் 17ஆம் நூற்றாண்டு நடுவுல பீஜப்பூர், கோல்கொண்டா படைகள் கர்நாடகப் பகுதிக்குள்ள வந்து, பின்னாடி ஆற்காடு நவாபுகள் வந்து, பாலாத்தங்கரை ஊர்களுக்குத் தக்னி வந்து சேர்ந்துச்சு. (எல்லாரும் உருதுன்னு நினைச்சுடாதீங்க. மேல்விஷாரம் முஸ்லிம்களுக்கு வீட்டு மொழி தமிழ்தான்.)

வடக்கே பாபர் துருக்கியில கவிதை எழுதினாரு. அவரோட துருக்கிக் கவிதைகள் அடங்கின பழைய கையெழுத்துப் பிரதி இன்னைக்கும் ராம்பூர் ரஸா நூலகத்துல இருக்கு. பாபர் மதிச்ச கவிஞர் ஹெராத்து அலிஷேர் நவாயி. பாரசீகத்தை விடத் துருக்கி உயர்ந்த மொழின்னு வாதாட 1499ல ஒரு தனிப் புத்தகமே போட்டவர். எங்க மொழிதான் பெருசுங்கிற வழக்கு நமக்குப் புதுசில்லையே.

இதுக்கு மேல ஒன்னு படிச்சேன், அது நான் எதிர்பார்க்காதது. போக்குவரத்து ஒருவழி கிடையாது. மொகலாய இந்தியாவுல வளர்ந்த சிக்கலான, கற்பனை முறுக்கேறின பாரசீகக் கவிதைக்கு 'சப்க்-ஏ-ஹிந்தி', அதாவது 'இந்திய பாணி'ன்னு பேர். லாகூர்ல 1591ல இறந்த உர்ஃபி, டெல்லியில 1720ல இறந்த பேதில் எல்லாம் இந்தப் பாணிதான். 17ஆம் நூற்றாண்டுல இருந்து இது இஸ்தான்புல்லுக்குப் போய் அங்கத்த கவிதையையே மாத்திடுச்சு. நாயிலி, நெஷாத்தி, கடைசிப் பெருங்கவிஞரான ஷேக் காலிப் வரைக்கும் இந்திய பாணி ஆட்கள். துருக்கி இலக்கியப் பாடப்புத்தகத்துல இன்னைக்கும் அந்தப் பேர் அப்படியே இருக்கு.

இந்த ஷேக் காலிப் 1799 ஜனவரியில இறந்தாரு. நம்ம மிர்ஸா காலிப் 1797 டிசம்பர்ல பொறந்தாரு. ஒரே புனைபெயர், ரெண்டு பேரும் அதே இந்திய பாணியில ஊறினவங்க. அவர் இஸ்தான்புல்ல, இவர் ஆக்ரா, டெல்லியில. நம்ம காலிப்போட தாத்தா சமர்கந்துல இருந்து வந்த துருக்கர், அதுல அவருக்கு ரொம்பப் பெருமை. இதுக்கு நடுவுல 1787ல திப்புவோட தூதர்கள் இஸ்தான்புல் போய் சுல்தானைப் பார்க்குறாங்க. ஷேக் காலிப் தன்னோட பெரிய காவியத்தை முடிச்சு அப்போ சில வருஷம்தான் ஆகியிருந்துச்சு. திப்பு விழுந்ததும் அவர் குடும்பத்தைக் கொண்டு வந்து அடைச்ச இடம் எதுன்னு உங்களுக்கே தெரியும். நாம சாயங்காலம் வாக்கிங் போற வேலூர் கோட்டை.

வேலூர்னதும் ஒருத்தர் பேரைச் சொல்லியே ஆகணும். மௌலானா பாக்கர் ஆகா. 1745ல வேலூர்ல பொறந்தவர். அரபி, பாரசீகம், தக்னி மூணுலயும் எழுதினவர். வாலாஜா நவாப் அரசவைக்கு வேண்டியவர். அறிஞர்கள் எல்லாம் பாரசீகத்துலதான் எழுதணும்னு இருந்த காலத்துல, அரபியும் பாரசீகமும் தெரியாத பெண்களுக்கும் சாதாரண ஜனங்களுக்கும்னு சொல்லித் தக்னியில எழுதினாரு. பெரிய படிப்பாளி இறங்கி வந்து எழுதுறது சின்ன விஷயமில்ல. எங்க புரொஃபசர்கள் ஒரு மருந்துச் சீட்டைக்கூட தமிழ்ல எழுத மாட்டாங்க. இவ்வளவு பெரிய ஆள் வேலூர்ல பொறந்தாருன்னு ஸ்கூல்ல யாரும் எனக்குச் சொல்லித் தரல. உங்களுக்கு?

கர்நாடக நவாப் வரிசையில கடைசியா பட்டம் வைச்சிருந்த முகமது கவுஸ் கான், 'ஆஸம்'ங்கிற பேர்ல எழுதின கவிஞர். மெட்ராஸ்ல முறையா முஷாயரா நடத்தினாரு, கவிஞர்களோட வரலாறும் எழுதி வைச்சாரு. 1855ல வாரிசில்லாம இறந்ததும் கம்பெனிக்காரன் பட்டத்தையே ரத்து பண்ணிட்டான். அரசவை போச்சு. முஷாயரா என்ன ஆச்சு? பாலாத்தங்கரை ஊர்களுக்கு வந்துடுச்சு. தோல் வியாபாரப் பணம் அங்கதான இருந்துச்சு.

முஷாயராவுல ஒரு பழக்கம் உண்டு. முன்கூட்டியே ஒரு வரி கொடுத்துடுவாங்க, எல்லாரும் அதே யாப்புல, அதே இயைபுல கஜல் எழுதிட்டு வரணும். துருக்கியில இதேமாதிரி இன்னொருத்தர் கஜலுக்கு ஈடா அதே சந்தத்துல எழுதுறதுக்கு 'நஸீரே'ன்னு பேர். நமக்கு இதைப் புரிய வைக்கவே வேணாம், ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்ற ஊர் நம்ம ஊர். காஃபியா, ரதீஃப், மத்லா, மக்தா எல்லாம் ஆம்பூர் டீக்கடையில பேசுற அதே சொல்லு, இஸ்தான்புல்லயும் அதே சொல்லு. புனைபெயருக்கு மட்டும் இங்க தகல்லுஸ், அங்க மஹ்லஸ்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில இறங்குறவங்கள்ல பெரும்பகுதி தலித் மக்கள். அவங்க வேலைப் பாட்டு எந்த முஷாயராவுலயும் ஒலிச்சதில்ல, எந்தத் தொகுப்புலயும் சேரல. நான் ஸாதியைப் பத்திப் பெருமையா எழுதுறப்போ இதுவும் கூடவே உறுத்துது.

தமிழுக்கு கஜல் வந்த வழியும் நம்ம பாலாத்தங்கரையை ஒட்டித்தான். 1919ல தொடங்கின வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில ரொம்ப வருஷம் தமிழ்ப் பேராசிரியரா இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். மதுரைக்காரர். கஜலைத் தமிழ்லயே எழுதி 'மின்மினிகளால் ஒரு கடிதம்'னு தொகுப்பாவே போட்டவர். 2017ல காலமானாரு. எங்க பெரியவர் அவரைத் தூரத்துல இருந்து பார்த்திருக்காராம். கிட்டப் போய்ப் பேசலையான்னு கேட்டேன். "தோல் வாசனையோட எப்படிப் போறது சாப்"னு சிரிச்சாரு.

இனிமே அந்த நோட்டு. 1928 நவம்பர் 1ஆம் தேதி துருக்கியில எழுத்தை மாத்திச் சட்டம் வந்துச்சு. அரபி எழுத்து போய் லத்தீன் எழுத்து. அடுத்த தலைமுறையில படிப்பறிவு பெருகுச்சு, அதை மறுக்க முடியாது. ஆனா ஸாதி, பாக்கி, ஃபுஸூலி கையெழுத்துப் பிரதிகள் சொந்தப் பேரனுக்கே புரியாத கோடுகளா ஆயிடுச்சு. பழைய கவிதையைப் புது எழுத்துல அச்சடிச்சப்போ இன்னொரு சிக்கல். நான் ஞாபகம் வைச்சுக்கச் சொன்னேனே, அந்தக் குறில் நெடில். புது எழுத்துல நெடிலுக்குத் தனி எழுத்தே இல்ல. எழுத்துக்கு மேல குறி போட்டாத்தான் யாப்பு தெரியும்.

ஆம்பூர்ல எந்தச் சட்டமும் வரல. பெரியவரோட பிள்ளைங்க தமிழ் மீடியம், பேத்தி இங்கிலீஷ் மீடியம். வீட்ல தக்னி பேசுவாங்க, உருது எழுத்து யாருக்கும் தெரியாது. குவயர் சைஸ்ல மூணு நோட்டு, நாப்பது வருஷக் கவிதை. வீட்ல அதைப் படிக்கத் தெரிஞ்சது எழுதினவர் ஒருத்தர் மட்டும்தான். 114ல இருந்த சோடியம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா அந்த ஒருத்தரும் இல்ல.

டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பேத்திகிட்ட ஒன்னு சொன்னேன். தாதா வாசிக்கட்டும், நீ தமிழ் எழுத்துல எழுதிக்கோ. முந்தி தமிழை அரபி எழுத்துல எழுதி அரபுத்தமிழ்னு வைச்சிருந்தாங்களே, இது தலைகீழா. முதல் ரிவ்யூவுக்கு வந்தப்போ எழுதின தாளைக் கொண்டு வந்துச்சு. பெரிய தொல்லை மெய்யெழுத்துதான். உருதுல நாலஞ்சு விதமா ஒலிக்கிற எழுத்துக்கெல்லாம் நம்மகிட்ட இருக்குறது ஒரே ஒரு 'க'. அதனால 'க'வுக்குக் கீழ ஒரு புள்ளி, ரெண்டு புள்ளின்னு அதுவே ஒரு முறை வைச்சிருக்கு. ஆனா துருக்கிக்காரங்க திண்டாடின இடத்துல நமக்குப் பிரச்சினையே இல்ல. தமிழ்ல குறிலும் நெடிலும் எழுத்துலயே இருக்கு. தாளைப் பார்த்து ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாத நானே விரலால டேபிள்ல தட்டிப் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்ட அதே தாளம்.

பெரியவர் சத்தமாக் கேக்கணும்னு காதுல கையைக் குவிச்சுக்கிட்டு, "ஒரு இடம் தப்பு சாப்"னாரு. பேத்தி ஒரு காலைத் தூக்கிக் குறிலாக்கிடுச்சாம். திருத்தினாங்க.

சோடியம் 137. மூணு நோட்டுல முதல் நோட்டு பாதி முடிஞ்சிருக்கு. அடுத்த ரிவ்யூ ஒரு மாசம் கழிச்சு.